ஒக்ரோஷ்காவுக்கும் உறை வேண்டும்

மூன்று தடவை செய்து பார்த்தேன், நான்காவது தடவைதான் சரியாக வந்தது. முதல் தடவையே இதை எழுத உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஒரு தப்பான செய்முறையைக் கொடுத்திருப்பேன், அதனால் இத்தனை நாள் காத்திருந்தது நல்லதுதான்.

ஒக்ரோஷ்கா ரஷ்யர்கள் கோடையில் சாப்பிடும் குளிர்ந்த சூப். அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்கிற வேலையே கிடையாது. வெள்ளரிக்காய், சிவப்பு முள்ளங்கி, வெங்காயத்தாள், சதகுப்பைக் கீரை, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, கொஞ்சம் இறைச்சி, எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, அதன் மேல் குவாஸைக் குளிரக் குளிர ஊற்றி, ஒரு கரண்டி புளித்த க்ரீம் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். பெயரே அந்த நறுக்கலிலிருந்து வந்தது. ரஷ்ய மொழியில் 'க்ரோஷித்' என்றால் பொடியாக நறுக்குவது, உதிர்ப்பது. குவாஸ் என்பது ரை என்ற தானியத்தில் சுட்ட ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு எடுக்கும் பானம், மண்ணிறமாக, லேசாக நுரைத்துக்கொண்டு, நல்ல புளிப்போடு இருக்கும். பத்தாம் நூற்றாண்டுச் சம்பவங்களைச் சொல்லும் பழைய ரஷ்ய வரலாற்றுக் குறிப்பில், இளவரசர் விளாதிமிர் 996இல் ஏழைகளுக்கு வண்டிகளில் ரொட்டியும் இறைச்சியும் மீனும் அனுப்பியபோது கூடவே குவாஸும் போனதாக வருகிறது. அவ்வளவு பழைய பானம்.

எங்கள் வீட்டுக்குள் இது வந்தது தம்பி வழியாக. அவன் மருத்துவம் படித்தது குர்ஸ்க் நகரத்தில், மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர். குர்ஸ்க், வோல்கோகிராட், நிஸ்னி நோவ்கோரோட் என்று மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகள் எத்தனையோ பேர், உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருக்கக்கூடும். ஆறு வருடம் அங்கே இருந்தான். பனியைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் அவன் சொல்லாத கதை இல்லை, ஆனால் சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேசியதே இல்லை, நாங்களும் அங்கே என்ன கிடைத்திருக்கப்போகிறது என்று விட்டுவிட்டோம். போன பிப்ரவரி கடைசியில்தான் முதல் தடவையாக அந்தப் பேச்சு வந்தது. பினாங்கில் அந்த மாதங்களில் மழை குறைவு, வெயில் சுவர் வரைக்கும் ஏறி நிற்கும், ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுச் சமையலறை மதியம் ஆனால் அடுப்பு பற்றவைக்காமலே கொதிக்கும். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தோம். அவன், "இந்த மாதிரி நாள்ல அங்க ஒக்ரோஷ்கா குடுப்பாங்கக்கா, அது இறங்கும்" என்றான். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் கேட்டுக் கேட்டுத்தான் கதை வந்தது. அவன் விடுதி வாசலில் காவலுக்கு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாராம். கோடை விடுமுறைக்கு டிக்கெட் காசில்லாமல் ஊருக்குத் திரும்பாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விடுதியிலேயே கிடப்பார்கள், அதில் இவனும் ஒருவன். பாட்டிக்கு நகரத்துக்கு வெளியே ஒரு தாச்சா, அதாவது சின்ன மரவீடும் தோட்டமும். சோவியத் காலத்தில் குடும்பத்துக்கு 600 சதுர மீட்டர் என்று பிரித்துக் கொடுத்த நிலங்கள் அவை. கோடை வந்ததும் முதலில் முளைப்பது முள்ளங்கியும் வெங்காயத்தாளும் சதகுப்பையும்தான், பின்னால் வெள்ளரிக்காய். அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து, எனாமல் பாத்திரத்தில் நறுக்கிப்போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியிலிருந்து தன் கையால் போட்ட குவாஸை ஊற்றிக் கொடுப்பாராம். "முதல் வாய் குமட்டிச்சு. மூணாவது வாய்ல பாத்திரத்தை விடல" என்றான். ஜூலையில் அங்கேயும் 30 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, விடுதியில் மின்விசிறிகூட இருக்காது.

அதைக் கேட்ட பிறகு எனக்கு அதைச் செய்து அவனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் தடவை தப்பு நடந்தது ரொட்டியில். ஒரு பெரிய கடையில் கறுப்பாக, கனமாக, பார்த்தால் ரை ரொட்டி மாதிரியே ஒன்று இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் படித்தால் முக்கால்வாசி கோதுமை மாவு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. ரை என்பது தனித் தானியம். மொழிபெயர்ப்புகளில் சில இடத்தில் கம்பு என்று போட்டுவிடுகிறார்கள், கம்பு வேறு, இது வேறு. ரைக்கு ஒரு மண்வாசனையும் லேசான கசப்பும் உண்டு, குவாஸின் சுவை முழுக்க அதில்தான் நிற்கிறது. அது இல்லாமல் நான் 200 கிராம் சர்க்கரை வேறு போட்டேன், எங்கேயோ பார்த்த குறிப்பு அப்படிச் சொன்னது. அது குடிப்பதற்கான குவாஸ் அளவு என்று பிறகுதான் புரிந்தது. சூப்புக்கு ரஷ்யர்கள் தனியாகப் போடுவது 'வெள்ளைக் குவாஸ்', சர்க்கரை குறைவு, நிறம் வெளிர், புளிப்பு கூட. கடையில் புட்டியில் விற்கும் குவாஸ் கிடைத்தால்கூட அதை சூப்பில் ஊற்றாதீர்கள், பெரும்பாலும் இனிப்பாக இருக்கும். வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் சர்க்கரைத் தண்ணீரில் மிதந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் முதல் ஒக்ரோஷ்கா இருந்தது. தம்பி ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டான், அது என் மனசு நோகக்கூடாது என்பதற்காக.

இரண்டாவது தடவை பேக்கரிச் சாமான் கடையில் ரை மாவு வாங்கி, பாதி ரை பாதி கோதுமை என்று நானே ரொட்டி சுட்டேன். சர்க்கரையைக் குறைத்தேன். ஆனால் நேரத்தை ரஷ்யக் கணக்கிலேயே வைத்தேன், இரண்டு நாள் வெளியில். அங்கே கோடையில் சமையலறை 22, 23 டிகிரி இருக்கும்போது அந்தக் கணக்கு. இங்கே என் சமையலறை இரவிலேயே 29 டிகிரி. இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு ஒரு சத்தம், ஓடிவந்து பார்த்தால் கண்ணாடிப் புட்டியின் மூடி அலமாரிக்கு அடியில், குவாஸ் சுவரெல்லாம், தரையெல்லாம். நல்ல வேளை, புட்டி உடையவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் விடுகிறது, நம் ஊர் சூட்டில் அந்த வேலை இரட்டை வேகத்தில் நடக்கிறது. மூடிய கண்ணாடிப் புட்டியை வெளியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. பிளாஸ்டிக் புட்டி போதும், அமுக்கிப் பார்த்தால் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று கைக்கே தெரியும். மிஞ்சியிருந்த குவாஸும் சாராய வாடை அடித்தது, கொட்டிவிட்டேன்.

மூன்றாவது தடவை 14 மணி நேரத்தில் வடிகட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். நிறம் சரி, நுரை சரி, ரொட்டி வாசனை அருமை. புளிப்பு மட்டும் இல்லை. எலுமிச்சம்பழம் பிழிந்தேன். தம்பி குடித்துப் பார்த்து, "நல்லா இருக்குக்கா" என்றான், பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா இது அது இல்ல" என்றான். எனக்கும் தெரிந்தது. எலுமிச்சைப் புளிப்பு நாக்கின் நுனியில் குத்திவிட்டுப் போய்விடுகிறது. அவன் சொல்லும் புளிப்பு தொண்டை வரைக்கும் கூட வருவது, மோரில் இருக்கிறதே, அந்த மாதிரி. ரஷ்யாவிலேயே சிலர் அவசரத்துக்கு வினிகரும் தண்ணீரும் கலந்து ஊற்றுகிறார்களாம், எனக்கு அதில் சம்மதமில்லை.

அம்மா அதுவரைக்கும் இந்த விஷயத்தில் தலையிடவில்லை. ஆறின சூப்பை எதற்கு மெனக்கெட்டுச் செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. அன்றைக்கு அந்தக் குவாஸை ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, "உறை ஊத்தலியா?" என்றார்.

"ஈஸ்ட் போட்டிருக்கேம்மா."

"அது பொங்குறதுக்கு. புளிக்கிறதுக்கு என்ன போட்ட?"

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. பொங்குவதும் புளிப்பதும் இரண்டு வேலை, செய்பவர்களும் வேறு. பொங்கவைப்பது ஈஸ்ட். புளிக்கவைப்பது தயிரிலும் தோசை மாவிலும் இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியா. கடை ஈஸ்ட்டை அள்ளிப்போட்டால் அது சர்க்கரையை முதலில் தின்று முடித்துவிடுகிறது, மெதுவாக வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு நேரமும் இல்லை, தீனியும் இல்லை. அதனால்தான் நுரைக்கிறது, புளிக்கவில்லை. கொஞ்சம் தேடிப் படித்தபோது ரஷ்யர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு தடவை போட்ட குவாஸை வடித்த பிறகு அடியில் நிற்கும் ஊறிய ரொட்டி மண்டியைக் கொட்டுவதில்லை, அதில் ஒரு பங்கை எடுத்து வைத்து அடுத்த குவாஸுக்குப் போடுகிறார்கள். 'ஸக்வாஸ்கா' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'குவாஸ்' இருக்கிறது, புளிப்பு என்ற பொருளில். முதல் குவாஸ் சுமார்தான், இரண்டாவது மூன்றாவதில்தான் சுவை நிற்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். குர்ஸ்க் பாட்டியின் கண்ணாடி ஜாடி கோடை முழுக்கக் காலியாகாமல் இருந்ததற்குக் காரணம் இப்போதுதான் தம்பிக்கே புரிந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. கெடாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். விடிவதற்கு முன் பால் மரம் வெட்டப் போனவர்கள் வெயில் ஏறித் திரும்பினால் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், கடித்துக்கொள்ள ஏதாவது. சுடச்சுட யாரும் கேட்கமாட்டார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழும் முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்ததுதான். யோசித்துப் பார்த்தால் நம் ஆடியும் அவர்களுடைய கோடை உச்சமும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன. உழைத்துவிட்டு வந்த உடம்புக்குத் தானியத்தைப் புளிக்கவைத்த குளிர்ந்த நீர், அதோடு பச்சையாக ஒரு காய், இதை அங்கே ரையில் செய்தார்கள், இங்கே அரிசியிலும் கேழ்வரகிலும் செய்தார்கள். அம்மாவுக்கு இது ஒரு நொடியில் பிடிபட்டது, நான் மூன்று தடவை கொட்டிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, நான் இப்போது செய்யும் முறை இதுதான்.

ரை ரொட்டி 300 கிராம், துண்டு துண்டாக வெட்டி ஓவனில் 180 டிகிரியில் 25 நிமிடம் காயவைக்கிறேன். ஆழ்ந்த மண்ணிறம் வர வேண்டும், கருகினால் குவாஸ் முழுக்கக் கசக்கும், எனவே கடைசி ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன் மேல் ஊற்றி மூடிவைத்தால் நான்கைந்து மணி நேரத்தில் வெதுவெதுப்புக்கு வந்துவிடும். விரலை விட்டால் சூடே தெரியக்கூடாது. 80 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், ஒரு பிடி உலர்ந்த திராட்சை. துணியால் வாயைக் கட்டி வைக்க வேண்டும், இறுக்கமான மூடி வேண்டாம். பினாங்குச் சூட்டில் 12லிருந்து 14 மணி நேரம். வடிகட்டி எடுத்தால் இது முதல் குவாஸ், இதைக் குடித்துவிடுங்கள், சூப்புக்கு ஆகாது. அடியில் நிற்கும் மண்டியில் ஒரு குவளை எடுத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். இரண்டாவது தடவை அதே அளவு ரொட்டி, தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட்டுக்குப் பதிலாக அந்த ஒரு குவளை உறை. இது கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும், எனக்கு 18லிருந்து 20 மணி நேரம் ஆகிறது. நடுவில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பாருங்கள், நேற்றைய மோர் அளவுக்குப் புளிப்பு வந்துவிட்டால் வடிகட்டலாம். பிளாஸ்டிக் புட்டியில் நான்கு விரல் இடம் விட்டு ஊற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று திராட்சை போட்டு, புட்டி கெட்டியாகும் வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வெளியில் வைத்துவிட்டு ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தால் மண்டி அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும்.

காய்கறி விஷயத்தில் பினாங்கில் ஒன்றுக்கும் கஷ்டமில்லை. சிவப்பு முள்ளங்கி, கேமரன் மலையிலிருந்து வருவது, புலாவ் டிக்குஸ் சந்தையில் காலையில் போனால் கிடைக்கும். கிடைக்காத நாளில் வெள்ளை லோபாக்கைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டால் அந்த நெடி அடங்கிவிடும், வேலைக்கு ஆகும். ஒரு தடவை செங்குவாங் கிழங்கு போட்டுப் பார்த்தேன், மொறுமொறுப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதன் இனிப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது, போடாதீர்கள். வெள்ளரிக்காயில் சின்னதாக, விதை குறைவாக இருக்கும் ஜப்பான் வகை நல்லது. சதகுப்பைக் கீரை சூப்பர்மார்க்கெட்டில் சின்னச் சின்னக் கட்டாக வரும், அதை முகர்ந்து பார்த்த அம்மா, "இது பிள்ளைக்குக் குடுக்கிற கிரைப் வாட்டர் வாசமாச்சே" என்றார். சரியாகச் சொன்னார், கிரைப் வாட்டரில் சேர்ப்பது சதகுப்பை எண்ணெய்தான். கொத்தமல்லி போட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. போட்டால் அது பச்சடி ஆகிவிடும், சதகுப்பை இல்லாமல் ஒக்ரோஷ்கா இல்லை.

நாலைந்து பேருக்கு உருளைக்கிழங்கு நடுத்தரமாக மூன்று, தோலோடு வேகவைத்து நன்றாகக் குளிரவைத்தது. சூடாக நறுக்கினால் மசிந்துவிடும். உருளைக்கிழங்கு இந்த சூப்புக்குப் பின்னால் வந்தது, ரஷ்யச் சாப்பாட்டில் அது பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான், அதற்கு முன் டர்னிப் போட்டிருக்கிறார்கள். முட்டை நான்கு. வெள்ளரிக்காய் இரண்டு, முள்ளங்கி எட்டு, வெங்காயத்தாள் ஒரு கட்டு, சதகுப்பை ஒரு கட்டு. இறைச்சி என்று வரும்போது அங்கே பலர் போடுவது 'டாக்டர்ஸ்கயா' என்ற வேகவைத்த சாசேஜ். 1936இல், உடம்பு தேறவேண்டியவர்களுக்கென்று உருவாக்கியது, அதனால்தான் அந்தப் பெயர். அதில் மாட்டிறைச்சியும் பன்றியும் இருக்கும், எங்கள் வீட்டில் மாடு சாப்பிடமாட்டோம். கோழி நெஞ்சுக்கறி 250 கிராம், உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு நறுக்குகிறேன். இது ஏதோ விட்டுக்கொடுத்தது மாதிரி நினைக்க வேண்டாம், சாசேஜ் வருவதற்கு முன்னால் மிஞ்சிய சுட்ட இறைச்சி, கோழி, எது இருந்ததோ அதை நறுக்கிப்போட்டதுதான் பழைய முறை.

எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், பட்டாணி அளவுக்குச் சற்றுப் பெரிதாக. ஒரு கரண்டியில் எல்லாமும் வர வேண்டும் என்பதுதான் காரணம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது, அம்மாவும் கூட உட்கார்ந்தால் இருபது. வெங்காயத்தாளை மட்டும் தனியாக எடுத்து உப்புப் போட்டு மரக்கரண்டியால் நசுக்கி, சாறு விட்டுப் பச்சை இறங்கும் வரை மசிக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தம்பி நேரில் பார்த்திருக்கிறான், பாட்டி பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்வாராம். அதில்தான் சூப்பின் மணமே இருக்கிறது. வெந்த முட்டையில் இரண்டு மஞ்சள் கருவை எடுத்து, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு கரண்டி புளித்த க்ரீம் சேர்த்துக் குழைத்து, கொஞ்சம் குவாஸ் விட்டுக் கரைத்துக்கொள்ள வேண்டும். புளித்த க்ரீம் விலை கூட, எல்லாக் கடையிலும் இருக்காது. லிட்டில் இந்தியாவில் வாங்கும் கட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு இரவு வடியவிட்டு, இரண்டு கரண்டி சமையல் க்ரீம் கலந்தால் ஏறக்குறைய அதே பதம்.

முக்கியமான ஒன்று. நறுக்கியதோடு நசுக்கிய வெங்காயத்தாளையும் மஞ்சள் கருக் கரைசலையும் கலந்து, வேறு தண்ணீர் எதுவும் சேர்க்காமல், மேற்கொண்டு உப்பும் போடாமல், மூடி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். குவாஸைச் சாப்பிட உட்காரும்போதுதான் அவரவர் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், உப்பும் அப்போதுதான். முன்னாலேயே ஊற்றினால் வெள்ளரிக்காய் நீர் விட்டு, நுரையும் போய், எல்லாம் சோர்ந்துவிடும். கிண்ணத்தில் காய் பாதி, குவாஸ் பாதி, மேலே ஒரு கரண்டி க்ரீம். ஐஸ் கட்டி போட ஆசையாக இருந்தால் குவாஸையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் போடுங்கள், தண்ணீர் ஐஸ் புளிப்பை நீர்த்துவிடும். முட்டையும் கோழியும் இருப்பதால் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. காய்க் கலவை மிஞ்சினால் மறுநாள் வரை ஐஸ் பெட்டியில் நன்றாக இருக்கும்.

நான்காவது தடவை தம்பி சாப்பிட்டபோது முதல் வாய்க்குப் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டான். அதன்பின் அந்தப் பாட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான், இவன் பெயரை அவர் எப்படி வாய்க்கு வந்தபடி மாற்றிக் கூப்பிடுவார், பரீட்சை நாளில் எப்படி வாசலில் நிறுத்திச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார், படிப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு ஜாடி ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கையில் திணித்தார், விமான நிலையத்தில் அதை எடுத்து வைத்துவிட்டார்கள் என்று. ஆறு வருடத்தில் இவனைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருந்திருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் நானும் அம்மாவும் தெரிந்துகொண்டோம். அம்மா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம், எங்கள் அம்மாவுக்கு அந்த அக்கா முப்பது வருடத் தோழி. வீட்டில் எது செய்தாலும் ஒரு பாத்திரம் சுவருக்கு மேலே போகும், வரும். குவாஸில் ஆல்கஹால் ரொம்பவும் சொற்பம்தான், ரஷ்யாவில் குழந்தைகளும் குடிக்கிறார்கள், தெருவில் மஞ்சள் நிற உருளை வண்டியில் வைத்து விற்பார்கள் என்று தம்பி சொல்வான். ஆனாலும் வீட்டில் போட்டதில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க என்னிடம் வழியில்லை, அதை அவர்களுக்குக் கொடுப்பது முறையில்லை. அவர்களுக்கு மோர் ஒக்ரோஷ்கா. இதுவும் ரஷ்யாவில் உள்ளதுதான், பாதிப் பேர் குவாஸுக்குப் பதிலாகக் கெஃபீர் ஊற்றுகிறார்கள், காக்கசஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த புளித்த பால் அது. கோடை வந்தால் குவாஸா கெஃபீரா என்று ஒரே வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்குமாம். நான் நல்ல புளித்த தயிரைக் கடைந்து, பாதி தண்ணீர் பாதி சோடா விட்டு நீர்க்கவைத்து ஊற்றுகிறேன், சோடா அந்த நுரைப்பைக் கொடுத்துவிடுகிறது. கோழியும் ஹலால் கடையில் வாங்கியதுதான். தாளிக்காதீர்கள், இஞ்சி பச்சை மிளகாய் போடாதீர்கள், கை தானாகப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். கடுகு விழுது ஒரு தேக்கரண்டி கூடப் போட்டால் அந்தக் காரம் போதும். அந்த அக்கா நோன்பு திறக்கும்போது இதைக் கேட்டு வாங்கினார், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்த வயிற்றில் இது இதமாக இறங்கியது என்றார். என்னைக் கேட்டால் குவாஸில் செய்ததுதான் எனக்குப் பிடிக்கும், அம்மாவுக்கு மோரில் செய்தது.

உறை ஜாடி இப்போது அம்மாவின் பொறுப்பு. ஐஸ் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் குவாஸ் போடாமல் இருந்தால் ஒரு துண்டு ரொட்டியும் அரை தேக்கரண்டி சர்க்கரையும் போட்டு ஒரு இரவு வெளியில் வைத்து எடுத்து உள்ளே வைக்கிறார். தம்பி சுங்கை பட்டாணி மருத்துவமனையில் வேலை, வார இறுதிக்கு வந்து திரும்பும்போது இரண்டு புட்டி அவனோடு பாலத்தைத் தாண்டிப் போகிறது.

இந்த வாரம் ரை மாவு தீர்ந்துவிட்டது, கடையில் அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. அம்மா சொன்ன யோசனையில் நம் பினாங்கு ரொட்டி பெங்காலியை வாங்கி வந்தேன், தமிழ் முஸ்லிம்கள் சேர்ந்து நடத்திய ரொட்டிக் கடைகளில் பிறந்தது, பங்காளி என்ற சொல்தான் பெங்காலி ஆகிவிட்டது என்று இங்கே சொல்வார்கள். கோதுமை ரொட்டிதான், ஆனால் மேல் ஓடு கனமாக இருக்கும். ஓட்டை மட்டும் வெட்டி, கருகாமல் எவ்வளவு சிவக்கவைக்க முடியுமோ அவ்வளவு சிவக்கவைத்து, உறையில் இருக்கும் ரையை நம்பி ஊறவைத்திருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குத் துணி கட்டினேன். இப்போது மேலே சின்னச் சின்னக் குமிழி வர ஆரம்பித்திருக்கிறது, நாளை சாயங்காலம் வடிகட்ட வேண்டும்.